ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவே

தோமையார்துறையில் பிரகாசி ஏலம் கூறினால் ஆற்றுமுகம் தாண்டி வருகிற போட்டுக்கே கேட்கும் என்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் எதையும் ஒரு முழம் கூட்டித்தான் சொல்வார்கள் என்றாலும், இது ஏறக்குறைய உண்மை. அவளுக்கு வெண்கலத் தொண்டை. அதைவிடப் பெரிது அவளுடைய பொறுமை. "ஒரு தரம்" என்பாள் சட்டென்று. கொஞ்சம் விட்டு "ரெண்டு தரம்" என்பாள். அதன்பிறகு வாயை மூடிக்கொண்டு வியாபாரிகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். எவனாவது கால் மாற்றி நின்றால் அவனுக்காகப் பொறுப்பாள். வேண்டாமென்று கிளம்பிப் போகிறவன் கழுத்தைத் திருப்பினால் அவனுக்காகவும் பொறுப்பாள். போனவன் திரும்பி வருவான், விலை ஏறும், மீன்காரன் வீட்டு உலையில் அரிசி கொஞ்சம் கூடுதலாக விழும்.

"பிரகாசியோட ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல வீட்டுக்குப் போயி கஞ்சி குடிச்சிட்டு வந்துரலாம்" என்று ஊரில் ஒரு கேலியே உண்டு. முதல் தரத்துக்கே துடித்துக்கொண்டு கை தூக்குகிறவனைக் கோட்டிக்காரன் என்பார்கள். விவரமானவன் மூன்றாம் தரத்துக்கு முந்தைய மூச்சு வரை அசையமாட்டான். அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும்.

இப்படிப்பட்ட ஊரில்தான் வெள்ளச் சுவர் கட்டினார்கள். மலையில் மழை கொட்டினால் இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு திரண்டு வந்து ஊருக்குள் பாய்வது வருஷா வருஷம் வாடிக்கையாகிவிட்டது. எனவே ஊரைச் சுற்றி ஆளுயரத்துக்கு இருமடங்கு சுவர். படகும் வலையும் ஏலக்கொட்டகையும் சுவருக்கு வெளியே ஆற்றங்கரையில். கோயிலும் வீடுகளும் உள்ளே. இரண்டுக்கும் நடுவே லாரி போகிற அகலத்தில் ஒரே ஒரு இரும்புக் கதவு. வெள்ளம் வந்தால் அது தானாக மூடிக்கொள்ளும். மூடுவதற்கு முன் வெளியே இருப்பவர்களை உள்ளே கூப்பிட வேண்டுமே, அதற்குத்தான் பரணிதரன் என்கிற இளம் பொறியாளர் வந்தார்.

சைரன் அடித்தால் இந்தக் கரையில் யாரும் எழுந்திருப்பதில்லை என்பதைச் சுவர் கட்டிய அதிகாரிகள் பத்து வருஷமாகப் பார்த்திருந்தார்கள். செல்போனில் செய்தி அனுப்பினால் படிப்பதற்கு ஆளில்லை. தினமும் கேட்டுப் பழகிய ஒரு குரல் கூப்பிட்டால் மட்டும் கால் தானாக நகர்கிறதாம். அப்படியானால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குரல் வேண்டும். தோமையார்துறைக்கு யார் குரல் என்று கேட்க வேண்டியதே இல்லை. ஊர்க் கமிட்டி ஒரே வாயாகப் பிரகாசியைக் கை காட்டியது. அவளுக்கும் பெருமை பிடிபடவில்லை. பஹ்ரைனில் போட் ஓட்டுகிற புருஷனுக்கு அன்றே போன் போட்டுச் சொன்னாள்.

ஏலக்கொட்டகைக் கம்பத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். கண்ணும் உண்டு, காதும் உண்டு. எட்டு மாதம் அது அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளும்போது அதன் அடியில் ஒரு பச்சை விளக்கு எரியும்.

"ரெக்கார்டு பண்ணிக்கிட்டு அப்படியே போடப் போறியளா, தம்பி?" என்று அவள் கேட்டாள்.

"இல்லைம்மா. ரெக்கார்டு போட்டா ஜனங்க ரெண்டாவது தடவையே கண்டுபிடிச்சிருவாங்க. நீங்க எப்படிச் சொல்றீங்க, எப்பச் சொல்றீங்க, யாரைப் பார்த்துச் சொல்றீங்க எல்லாத்தையும் இது கத்துக்கும். நீங்க இல்லாதப்பவும் நீங்க என்ன செய்வீங்களோ அதைச் செய்யும். அது மூணு தரம் சொன்னாத்தான் கதவு மூடும்."

அப்படியென்றால் இன்னொரு பிரகாசி என்று சொல்லுங்கள் என்று அவள் சிரித்தாள். எதைக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்துவிட்டாள்.

டிசம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டரை மணி. வானத்தில் பஞ்சளவு மேகமில்லை. காலை ஏலம் முடிந்து, மதியம் கரையேறிய இரண்டு வள்ளங்களின் மீன் மட்டும் கொட்டகையில் இருந்தது. வெளியே நூற்று முப்பது பேர் இருக்கலாம். வலை பிரிப்பவர்கள், இன்ஜின் கழற்றுபவர்கள், சும்மா கதை பேசுபவர்கள். பிரகாசி ஒரு கூடை சிங்கிறாலை ஈரச்சாக்கு போட்டு மூடிக்கொண்டிருந்தாள். மகள் அனிற்றா பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஆற்றங்கரை நெடுக நட்டிருந்த ஒலிபெருக்கிக் கம்பங்கள் எல்லாவற்றிலிருந்தும் அவளுடைய குரலே எழுந்தது. ஆறு பெருகி வருகிறது, எல்லாரும் சுவருக்குள்ளே போங்கள், ஒரு தரம் என்றது.

தன் குரலைத் தானே கேட்ட பிரகாசிக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன கச்சிதம். சுற்றி இருந்தவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தரும் ஓடவில்லை. ஓடமாட்டார்கள். இன்னும் இரண்டு தரம் பாக்கி இருக்கிறதே. நிதானமாக வலையைச் சுருட்டினார்கள், படகுகளை இழுத்துக் கட்டினார்கள். ஆற்றில் தண்ணீர் சற்றே கலங்கியிருந்தது, அவ்வளவுதான்.

பத்து நிமிஷத்தில் "ரெண்டு தரம்" வந்தது. இப்போது நடக்கத் தொடங்கினார்கள். ஆறு செம்மண் நிறமாகி, படித்துறையின் கடைசிப் படி வரை ஏறியிருந்தது. பிரகாசியும் மகளும் கூட்டத்தோடு வந்து கதவைத் தாண்டி உள்ளே கால் வைத்தார்கள். அப்போதுதான் அவளுக்கு அந்தக் கூடை ஞாபகம் வந்தது. நாலு நாளைக்கு ஒருமுறை கிடைக்கிற சரக்கு, உயிரோடு இருக்கிறது, அப்படியே ஆற்றோடு போகப் போகிறதே என்று வயிறு எரிந்தது.

"ஏட்டி, அந்தச் சிங்கிறால் கூடைய ஓடிப் போயி எடுத்துட்டு வந்துரு."

அனிற்றா ஆற்றைப் பார்த்தாள். "தண்ணி ஏறுதேம்மா."

"மூணாந்தரம் இன்னும் ஆகலல்லா. எனக்குத் தெரியாதா எப்ப சொல்லுவேன்னு? போ."

மகள் ஓடினாள். நூறு கஜம் இருக்கும். பிரகாசி கதவோரம் நின்று பார்த்தாள். மற்றவர்கள் எல்லாரும் உள்ளே வந்தாகிவிட்டது. மலைப்பக்கமிருந்து ஒரு இரைச்சல் கேட்டது, கடலிரைச்சல் இல்லை, வேறு மாதிரி. ஆற்று வளைவில் மரங்களைப் புரட்டிக்கொண்டு தண்ணீர் ஒரு மேடாகவே வந்தது. அனிற்றா கூடையைத் தலையில் தூக்கித் திரும்பியிருந்தாள். கம்பத்துப் பெட்டிகள் ஒன்றும் பேசவில்லை. கதவும் நகரவில்லை. பிரகாசி மகள் பேரைச் சொல்லி அலறினாள். அனிற்றா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள், முழங்கால் தண்ணீர், தொடைத் தண்ணீர், இடுப்புத் தண்ணீர். அம்மா கையைப் பிடித்து அவளை உள்ளே இழுத்த அதே நொடியில் தலைக்கு மேலே "மூணு தரம்" என்று கேட்டது.

கதவு பாதி வரை நகர்ந்தது. அதற்குமேல் தண்ணீர் விடவில்லை.

கதவுக்குள்ளே இடப்பக்கம் கீழத்தெரு. பேரே சொல்கிறதே, ஊரிலேயே தாழ்ந்த இடம். சட்டியில் ஊற்றின மாதிரி ஆறு அங்கே இறங்கியது. சுவர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் மதியச் சாப்பாடு முடித்துப் படுத்திருந்தவர்கள் அந்தத் தெருவில் நிறையப் பேர். பதினோரு பேர் போனார்கள். அதில் ஒருத்தி லூயிசா, பிரகாசியின் நாத்தனார். கால் விளங்காமல் கட்டிலோடு கிடந்தவள். பிரகாசி விடிகாலை ஏலத்துக்குப் போன வருஷங்களில் எல்லாம் அனிற்றாவுக்குப் பல் விளக்கி, தலை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள்தான். கட்டில் உத்தரத்தில் போய் மாட்டியிருந்தது.

சுவரில்லாத காலத்தில் எந்த வெள்ளத்திலும் தோமையார்துறையில் பதினோரு பேர் போனதில்லை.

கதவு ஓடுகிற தண்டவாளத்தில் மணல் அடைத்துக்கொண்டது என்று விசாரணையில் எழுதினார்கள். ஊர் நம்பியது. கடற்கரையில் மணலுக்கு என்ன பஞ்சம்? பிரகாசியும் நம்பப் பார்த்தாள். கல்லறைத் தோட்டத்தில் லூயிசாவின் புருஷன் சிலுவை, "தங்கச்சி, உன் குரலு இல்லாட்டி வெளிய இருந்த நூத்தி முப்பது பேரும்லா போயிருப்பாவ" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கொதிக்கிற எண்ணெயில் கையை விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அம்மாவும் மகளும் அந்தக் கூடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் சிங்கிறால் என்ற பேச்சே எழவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து இரண்டு நாள் கழித்துப் பரணிதரன் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கையிலிருந்த பலகைக் கணினியை அவள் பக்கம் திருப்பினார். கம்பத்துக் கண் எடுத்த படம். ஆள் இல்லாத ஆற்றங்கரையில் ஒரு பெண், தலையில் கூடை.

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அனிற்றாவின் கை நின்றுவிட்டது.

"மணல் இல்லைம்மா" என்றார் அவர். "ரெண்டாம் தரத்துக்கு அப்புறம் அஞ்சு நிமிஷத்துல மூணாம் தரம் சொல்லிக் கதவ மூடியிருக்கணும். அப்ப மூடியிருந்தா ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வந்திருக்காது. அது பதினோரு நிமிஷம் எடுத்துக்கிச்சு. வெளிய ஒரு ஆள் இருக்குறதப் பார்த்துச்சு. அந்த ஆள் திரும்புறதப் பார்த்துச்சு. திரும்பி வர்றவங்களுக்காக நீங்க எப்பவும் பொறுப்பீங்கல்ல? எட்டு மாசமா அதைத்தான் பார்த்திருக்கு."

"அப்ப மணல்னு எழுதுனது?"

"நான்தான் எழுதினேன்." அவர் தரையைப் பார்த்தார். "உண்மைய எழுதினா இந்தப் பொண்ணு பேரு வரும். எங்க வேலையும் நின்னுரும். ரெண்டுக்கும் பயந்தேன்."

யாருக்கும் தெரியவேண்டாம் என்று அவரே சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதும் தன் மனசுக்குள் ஒரு நிம்மதி பரவியதை நினைத்துப் பிரகாசி பின்னாளில் தன்னையே காறித் துப்பியிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அவர் வந்த காரியம் வேறு. எல்லாக் குரல்களையும் வைத்துச் சோதித்ததில் பிரகாசியின் குரலுக்குத்தான் ஜனங்கள் அதிகம் கட்டுப்பட்டார்களாம். அதனால் கரை நெடுக, கதவு வைத்த நாற்பது ஊர்களிலும் அவளுடைய குரலையே மாட்டிவிட்டார்கள். அந்த நாற்பதும் இப்போது அவளைப் போலவே பொறுக்கும்.

"ஒரு வரிய மாத்தி எழுதுனா சரியாவாதா, தம்பி?"

"அதுக்குள்ள வரின்னு ஒண்ணும் இல்லைம்மா. உங்களப் பார்த்துக் கத்துக்கிட்டது, உங்களப் பார்த்துத்தான் மறக்கணும். கொட்டகையில பெட்டி அப்படியே இருக்கட்டும். நீங்க யாருக்காகவும் பொறுக்காம ஏலம் கூறணும். அது கத்துக்குறத வாரா வாரம் நாப்பது ஊருக்கும் அனுப்பிருவோம். ஒரு வருஷம் ஆகலாம்."

பிரகாசி ஒத்துக்கொண்டாள். வேறென்ன செய்ய?

மறுநாள் காலை ஒரு சீலா மீனை நிறுத்தி, "ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்" என்று ஒரே மூச்சில் முடித்தாள். வியாபாரிகளே திகைத்துப் போனார்கள். கை தூக்கப்போன ஒருத்தன், கை பாதியில் நிற்க, "யக்கா" என்றான். அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. கம்பத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

அன்றிலிருந்து அதே கதைதான். விலை படிவதற்கு முன்பே ஏலம் முடிந்துவிடும். வியாபாரிகள் காட்டில் மழை. மீன்காரர்கள் வயிற்றில் அடி. முதலில் வெள்ளத்தில் மனசு உடைந்துவிட்டது பாவம் என்றார்கள். பிறகு வியாபாரிகளிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டாள் என்றார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கமிட்டி இரண்டு தடவை கூப்பிட்டு எச்சரித்தது. சிலுவை ஒருத்தர்தான் அவளுக்காகப் பேசினார். பெட்டியைக் கழற்றச் சொல்லிக் கேட்டவர்களிடம், இதுதான் உங்கள் உயிரைக் காப்பாற்றியது என்று சண்டைக்கே போனார். அதைப் பார்த்துப் பிரகாசி ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பாள். மகள் முகத்தைப் பார்ப்பாள். நாளைக்கு என்று தள்ளிவிடுவாள்.

பொறுமையை மறப்பது அவ்வளவு லேசா? முப்பது வருஷப் பழக்கம். யாராவது கழுத்தைத் திருப்பினால் அவள் தொண்டை தானாக நிற்கும். நகத்தால் உள்ளங்கையைக் குத்திக்கொண்டு "மூணு தரம்" என்பாள். நாள் போகப்போகக் குத்திக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மறந்தே போனாள். ஒரு வருஷம் கழித்துப் பரணிதரன் போனில், போதும்மா, அது சரியாகிவிட்டது என்றார். பெட்டி மட்டும் அங்கேயே இருக்கட்டும், கற்பது நிற்கக்கூடாது என்றார்.

அந்த வருஷம் நவம்பரில் வடக்கே, நாகப்பட்டினம் பக்கத்து ஊர் ஒன்றில் ஆறு புரண்டது. டிவியில் நாள் முழுக்க அதே பேச்சு. கதவு நொடி பிசகாமல் மூடியதாம். உள்ளே இரண்டாயிரம் பேரில் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. ஒரே ஒரு உயிர் மட்டும் போயிற்று என்று கடைசியில் ஒரு வரி சொன்னார்கள். பிரகாசி அந்த வரியைக் கேட்டாள். யார் எவர் என்று விசாரிக்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒரு காலை. நல்ல பாடு, வஞ்சிரம் வஞ்சிரமாகக் கொட்டியிருந்தது. ஊரே கொட்டகையில் நின்றது. அது சிலுவையின் வள்ளத்து மீன். பிரகாசி "ஒரு தரம் ரெண்டு தரம்" என்றபோது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண், "இந்தக் கொரலுதான்" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பது வயதிருக்கும். வெளியூர்க்காரி என்பது பேச்சிலேயே தெரிந்தது. கூட்டம் விலகி வழிவிட, அவள் பிரகாசியின் எதிரே வந்து நின்றாள். தன் பேர் தையல்நாயகி என்றாள், ஊர் பேரைச் சொன்னாள். டிவியில் சொன்ன அந்த ஒரு உயிர் தன் மகன் குமரவேல் என்றாள். பெட்டியில் பேசுவது யார் என்று விசாரித்து விசாரித்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"சண்டை போட வரலம்மா. ஒண்ணு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன். வலையில கால் மாட்டிக்கிட்ட கெழவர ஒருத்தர முதுவுல தூக்கியாந்து உள்ள விட்டுட்டு, அவரு ஊனுகோல எடுக்கத் திரும்புனான் எம்மவன். இருவதடி. திரும்பி வந்துக்கிட்டுத்தான் இருந்தான், நான் கண்ணால பாத்தேன். தண்ணி கணுக்காலுக்குக் கூட வரல. நீ ரெண்டு தரமும் மூணு தரமும் ஒண்ணாச் சொல்லிப்புட்ட. கொஞ்சம் பொறுத்தா என்னம்மா?"

சிலுவை இடையில் புகுந்தார். அது மெஷின் அம்மா, இவள் என்ன செய்வாள், எங்கள் ஊரில் நூற்று முப்பது பேரைக் காப்பாற்றியது இந்தக் குரல் என்றார். தையல்நாயகி அவரைப் பார்க்கவேயில்லை.

பிரகாசியின் பக்கத்தில் ஐஸ் பெட்டியோரம் அனிற்றா நின்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

"ஒருக்கப் பொறுத்தேன்" என்றாள் பிரகாசி. "அன்னைக்கு வெளிய நின்னது எம் மவ."

வந்தவள் அனிற்றாவைப் பார்த்தாள். காலிலிருந்து தலை வரை பார்த்தாள். அவளைத் தொட்டுப் பார்க்கப் போகிறவள் போல ஒரு அடி முன்னே வைத்தாள்.

"ஒம் மவளுக்குப் பொறுத்துச்சு. எம் மவனுக்குப் பொறுக்கல" என்றாள். பிறகு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குமேல் பிரகாசியால் அடக்கமுடியவில்லை. ஏலம் கூறுகிற அதே குரலில், கடைசி ஆள் வரை கேட்கும்படி சொன்னாள். கதவில் மணல் அடைக்கவில்லை. மூன்றாம் தரம் ஆகவில்லையே என்று மகளை ஒரு கூடை சிங்கிறாலுக்காகத் திருப்பி அனுப்பியது நான்தான். அவள் வரும்வரை கதவு பொறுத்தது. அந்த ஆறு நிமிஷத்தில்தான் கீழத்தெரு போயிற்று. இவ்வளவு நாள் தெரிந்தே மறைத்தேன். பொறுக்காதே என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான், இந்தத் தாயின் பிள்ளை அதனால்தான் போனான்.

சொல்லி முடித்தாள். சிலுவையின் கையில் இருந்த துண்டு கீழே விழுந்தது, அவர் குனிந்து எடுக்கவில்லை. வஞ்சிரத்தின் மேல் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஏலம் இரண்டாம் தரத்தில் நின்றுபோயிருந்தது என்பது யாருக்கும் நினைவில்லை.

அவள் காத்திருந்தாள். யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா? ஏசினால் கூடப் போதும், காறித் துப்பினால் கூடப் போதும். பழைய நாட்களில் பார்ப்பது போலவே முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிலுவை திரும்பி வள்ளத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார். பாதி வழியில் நின்று கழுத்தை மட்டும் திருப்பினார். திரும்பி வருவார் என்று அவள் பொறுத்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தாள்.

கம்பத்துப் பெட்டியின் அடியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.